இருக்கியா?

ஒரே ஒரு வரி மாற்றம்தான். 30 என்று இருந்த இடத்தில் 1 என்று போட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் எங்கள் டீம் பார்த்துக்கொண்ட சேவை 120 சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு முன்னால் 20 லோட் பேலன்சர்கள். வருகிற வேலையை, உயிரோடு இருக்கிற சர்வர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அவற்றின் பணி. எது உயிரோடு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கேட்க வேண்டியதுதான். ஒவ்வொரு லோட் பேலன்சரும் ஒவ்வொரு சர்வரையும் 30 நொடிக்கு ஒருமுறை "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்று பதில் வந்தால் சரி. தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் அந்த சர்வர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, வரிசையிலிருந்து எடுத்துவிடும்.

கணக்குப் போட்டால், ஒரு சர்வர் செத்ததைக் கண்டுபிடிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடமும் அந்த சர்வரிடம் மாட்டிக்கொண்ட ஆட்களுக்கு வெள்ளைத் திரைதான். அந்த வாரம் இரண்டு தடவை அப்படி ஆகி, மேலிடத்திலிருந்து கேள்வி வந்திருந்தது. அடிக்கடி கேட்டால் சீக்கிரம் தெரிந்துவிடப் போகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மாற்றத்தை ரிவ்யூ செய்த இரண்டு பேருக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும்.

20 பேர், 120 பேரிடம் கேட்டால் ஒரு சுற்றுக்கு 2400 கேள்விகள். அதை 30 நொடியில் பரப்பினால் நொடிக்கு 80. நான் மாற்றிய பிறகு நொடிக்கு 2400. இதோடு நிற்கவில்லை. "இருக்கேன்" என்று சொல்வதற்கு முன் ஒவ்வொரு சர்வரும் டேட்டாபேஸை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும். யாரோ ஒரு கவனமான ஆள் எப்போதோ அப்படி எழுதி வைத்திருந்தார். டேட்டாபேஸ் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பதில்கள் தாமதமாயின. மூன்று தாமதம் என்றால் இப்போது வெறும் மூன்று நொடி. முதலில் நான்கு சர்வர்களை "செத்தது" என்று எடுத்தார்கள். அவற்றின் சுமை மற்றவற்றின் தலையில் ஏறியது. அவையும் திணறின. பதினோரு நிமிடத்தில் 120 சர்வர்களும் செத்ததாக அறிவிக்கப்பட்டு, சேவை மொத்தமாக நின்றுபோனது.

உண்மையில் ஒரு சர்வர்கூடச் சாகவில்லை.

மறுநாள் என்ன நடந்தது என்று எழுதிவைக்க உட்கார்ந்தபோது, டீமில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி, ஒரு செகண்டுன்னு எதுக்கு வெச்ச? ரெண்டு வெச்சிருக்கலாம், அஞ்சு வெச்சிருக்கலாம்."

"இல்லண்ணா, பிங் அடிச்சா ஒரு செகண்டுக்கு ஒண்ணுதானே போகுது. அதான்…"

"பிங்ல ஒரு செகண்டுன்னு யாரு வெச்சா?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கேள்வி என்னுடன் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பின்னால் போனபோது தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

1983 ஜூலையில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா நார்வேயில் ஒரு கூட்டம் நடத்தியது. அங்கே டேவிட் மில்ஸ் என்ற விஞ்ஞானி, எதிரொலிப் பாக்கெட்டுகளை அனுப்பி, அவை திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து நெட்வொர்க்கை அளந்த கதையைப் பேச்சுவாக்கில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மைக் மூஸ். அப்போது அவருக்கு வயது 24. மேரிலாண்டில் ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை. பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போட எனியாக் கணினியைக் கேட்டு வாங்கியது இந்த ஆய்வுக்கூடம்தான்.

எதிரொலிப் பாக்கெட் என்பது எளிமையான விஷயம். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 792 என்ற ஆவணத்தில் அதற்கான விதி இருக்கிறது. எட்டாம் எண் வகைச் செய்தி ஒன்று உனக்கு வந்தால், அதிலிருக்கும் சரக்கை அப்படியே பூஜ்யம் எண் வகைச் செய்தியில் போட்டுத் திருப்பி அனுப்பு. அவ்வளவுதான். மலைமுகட்டில் நின்று கத்தினால் மலை திருப்பிக் கத்துவதுபோல.

அந்த வருடம் டிசம்பரில் ஒருநாள் மூஸின் ஆய்வுக்கூட நெட்வொர்க் ஏதோ கோளாறாக நடந்துகொண்டது. மில்ஸ் சொன்னது ஞாபகம் வந்து, ஒரே ராத்திரியில் உட்கார்ந்து ஒரு சின்ன நிரலை எழுதினார். நிரல் கம்பைல் ஆனது, ஆனால் வேலை செய்யவில்லை. அந்த வகைச் செய்திகளை நேரடியாக அனுப்ப இயங்குதளத்தில் வசதியே இல்லை. கோபத்தில் அதையும் அவரே எழுதினார். விடிவதற்குள் எல்லாம் தயார். ஆனால் அவர் முதல் பாக்கெட்டை அனுப்புவதற்கு முன்பே, சக ஊழியர் ஒருவர் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து வன்பொருளைச் சரிசெய்துவிட்டிருந்தார். உலகத்தின் முதல் பிங், கேட்க ஒன்றுமே மிச்சமில்லாத நேரத்தில்தான் போயிருக்கிறது.

கல்லூரியில் சோனார், ராடார் மாதிரிகளில் நிறைய வேலை செய்தவர் என்பதால், நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியையே நிரலுக்குப் பெயராக வைத்தார். பிங். பிற்பாடு மில்ஸ் அந்த எழுத்துகளுக்கு ஒரு விரிவாக்கம் கண்டுபிடித்துக் கொடுத்தார். மூஸோ கடைசிவரை அது சோனார் சத்தம்தான் என்றே சொன்னார்.

இனி அந்த ஒரு நொடிக்கு வருவோம். மூஸின் மூல நிரலைத் திறந்து பார்த்தால், ஒரு பாக்கெட்டை அனுப்பியதும் யூனிக்ஸின் 'அலாரம்' என்ற வசதியைக் கூப்பிட்டு, ஒரு நொடி கழித்து என்னை எழுப்பு என்று சொல்கிறது. எழுந்ததும் இன்னொரு பாக்கெட், இன்னொரு அலாரம். இந்த 'அலாரம்' முழு நொடிகளை மட்டும்தான் ஏற்கும். அரை நொடி, கால் நொடி எல்லாம் அதற்குத் தெரியாது. அதில் வைக்க முடிந்த மிகக் குறைந்த நேரம் ஒன்று. ஒரு நொடிக்கான காரணம் இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே ராத்திரியில் எழுதுகிறவர், கைக்கு முதலில் வந்த எண்ணை எடுத்திருக்கிறார். நிரலுக்குள் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்: பாக்கெட்டுகள் சரியாக ஒரு நொடிக்கு ஒன்று என்று போகாது, நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், அதனால் அளவீட்டுக்குக் கேடில்லை என்று. இந்த நழுவல் பிற்பாடு முக்கியமாகப் போகிறது.

பல வருடம் கழித்து ஒரு மாநாட்டில் தான் கேட்ட கதை ஒன்றை மூஸ் எழுதியிருக்கிறார். ஓர் அலுவலகத்தில் ஈதர்நெட் விட்டு விட்டு வேலை செய்திருக்கிறது. நிர்வாகி, ஒவ்வொரு பதிலுக்கும் கணினி வாய்விட்டு "பிங்" என்று சொல்லும்படி செய்து, அதை அலுவலக ஸ்டீரியோவில் இணைத்து, சத்தத்தை முடிந்தவரை ஏற்றிவிட்டார். பிறகு கட்டடம் முழுக்க நடந்து, ஒவ்வோர் இணைப்பாக அசைத்துப் பார்த்திருக்கிறார். "பிங், பிங், பிங்" என்று நொடிக்கொருமுறை கத்திக்கொண்டே இருந்தது எந்த இடத்தை அசைத்தபோது நின்றதோ, அங்கேதான் கோளாறு. இங்கே ஒரு நொடி கச்சிதம். மனிதக் காது காத்திருக்கக்கூடிய இடைவெளி அது. பிங் ஒரு மனிதன் உட்கார்ந்து பார்ப்பதற்காக எழுதப்பட்டது. அதை நான் 20 இயந்திரங்களிடம், ராத்திரி பகலாகக் கேட்கச் சொல்லிக் கொடுத்தேன்.

இவ்வளவு புகழ் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் செலவழித்திருப்பேன் என்ற அர்த்தத்தில் மூஸ் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். 2000 நவம்பர் 20 அன்று நெடுஞ்சாலை விபத்தொன்றில் இறந்துபோனார். வயது 42.

*

பிங்தான் முதல் "இருக்கியா?" என்று நினைத்துவிட வேண்டாம். 1969-இல் அர்பாநெட் தொடங்கியபோதே, அதன் முனைகளில் இருந்த ஐ.எம்.பி. என்ற கணினிகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டுதான் இருந்தன. அனுப்ப வேறு எதுவும் இல்லாதபோது அரை நொடிக்கு ஒருமுறை "ஹலோ" போகும். மறுமுனையிலிருந்து "கேட்டது" என்று பதில் வரும். சுமார் இரண்டரை நொடி பதில் இல்லையென்றால் அந்தத் தடம் செத்துவிட்டது. அவை நொடிக்கு 50,000 பிட் கடத்தும் வாடகைத் தடங்கள். வாடகை கொடுத்தாயிற்று, சும்மா கிடக்கிற நேரத்தில் எத்தனை முறை கேட்டாலும் தனிச் செலவு இல்லை.

இருபது வருடம் கழித்து அதே கேள்விக்கு இதே இணைய ஆட்கள் சொன்ன பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

இணையத்தில் பெரும்பாலான உரையாடல்கள் டி.சி.பி. என்ற நெறிமுறையில் நடக்கின்றன. அதில் ஒரு விசித்திரம் உண்டு. இரண்டு கணினிகள் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, பேச ஒன்றும் இல்லையென்றால், எதுவுமே அனுப்பிக்கொள்ளாது. ஒரு நாள் முழுக்க மௌனமாக இருக்கலாம். நடுவில் ஒயரைப் பிடுங்கி, டீ குடித்துவிட்டு வந்து திரும்பச் சொருகினாலும் இணைப்பு உயிரோடு இருக்கும். மறுமுனை உண்மையிலேயே செத்துப்போனாலும் இந்த முனைக்குத் தெரியாது. அதற்காக நடுநடுவே ஒரு வெற்றுப் பாக்கெட் அனுப்பி "இருக்கியா?" என்று கேட்கும் வழக்கத்தைச் சிலர் கொண்டுவந்தார்கள். கீப்-அலைவ் என்று பெயர்.

1989 அக்டோபரில் ராபர்ட் பிரேடன் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1122 இதைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறது. கீப்-அலைவ் வைத்துக்கொள்ளலாம். ஆனால் யாராவது கேட்டால் ஒழிய அது அணைந்தே இருக்க வேண்டும். அப்படியே போட்டாலும், தானாக அமையும் இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

இரண்டு மணி நேரம்! நான் ஒரு நொடி வைத்தவன்.

காரணம் மூன்று. ஒன்று, நெட்வொர்க்கில் கொஞ்ச நேரத் தடங்கல் வந்தால், பேசாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய நல்ல இணைப்பை இந்தக் கேள்வியே முறித்துவிடும். இரண்டு, வீணாக அலைவரிசை செலவாகும். மூன்று, பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தடத்தில் பணம் செலவாகும். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட நெட்வொர்க்குகள் இருந்தன. வாடகைத் தடத்தில் அரை நொடியாக இருந்த கேள்வி, பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கும் தடத்தில் இரண்டு மணி நேரமாக நீண்டுவிட்டது.

முதல் காரணத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வியாழக்கிழமையை 1989-இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

லினக்ஸில் இன்றைக்கும் இந்த எண் 7200 நொடி என்றே இருக்கிறது. இரண்டு மணி நேர மௌனத்துக்குப் பிறகு முதல் கேள்வி. பதில் இல்லையென்றால் 75 நொடிக்கு ஒருமுறை, மொத்தம் ஒன்பது முறை. அதன் பிறகுதான் கைவிடும். 2008-இல், வீட்டு ரவுட்டர் மாதிரி நடுவில் உட்கார்ந்து முகவரி மாற்றும் கருவிகளுக்கு விதி எழுதினார்கள். மௌனமான இணைப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடம் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்றது அது. அந்த நாலு நிமிடம், இரண்டு மணி நேரத்துக் கேள்வி வந்து சேர்வதற்கான அவகாசம். நடைமுறையில் பல கருவிகள் சில நிமிடங்களிலேயே மறந்துவிடுகின்றன. தூரத்து சர்வரில் வேலை பார்த்துக்கொண்டிருந்து, சாப்பிட்டு வந்து பார்த்தால் திரை உறைந்து கிடப்பது அதனால்தான். அப்புறம் நாம் 60 நொடிக்கு ஒருமுறை கேட்கச் சொல்லி வைக்கிறோம். நடுவில் இருப்பவனின் மறதிக்காக இரு முனைகளும் ஓயாமல் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு மணி நேரம் என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஞாபகம் வந்தன. 90-களின் நடுவில் அப்பா மஸ்கட்டில் இருந்தார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஞாயிறு ராத்திரி ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுவார். நாங்கள் ஆறே முக்காலுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம். ஒரு ஞாயிறு போன் வரவில்லை. ஒன்பது வரை இருந்துவிட்டு வந்தோம். அந்த வாரம் அம்மா வழக்கம்போலத்தான் சமைத்தாள், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். இங்கிருந்து கூப்பிட வழியில்லை. கடிதம் போட்டால் பதில் வர ஒரு மாதம். அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு மணி அடித்தது. "போன வாரம் இங்க லைன் ரிப்பேர்" என்றார் அப்பா. அம்மா "ம், அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பதில் தவறியதற்காக யாரையும் வரிசையிலிருந்து எடுத்துவிடவில்லை.

*

என் தவறில் இன்னொரு பகுதி உண்டு. நொடிக்கு 2400 கேள்வி என்றேன் அல்லவா? அவை அந்த ஒரு நொடி முழுக்கப் பரவிப் போகவில்லை. எல்லா லோட் பேலன்சர்களையும் ஒரே கட்டளையில் மறுதொடக்கம் செய்ததால், 20 பேரும் ஒரே கணத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். நொடியின் முதல் சில மில்லி நொடிகளில் 2400 கேள்வி. மீதி நேரம் நிசப்தம். இதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது.

1992 மே மாதம். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் சாலி ஃப்ளாய்டும் வேன் ஜேக்கப்சனும் பெர்க்லியிலிருந்து எம்.ஐ.டி.க்கு பிங் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜேக்கப்சன், ட்ரேஸ்ரூட் நிரலை எழுதியவர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஆயிரம் பிங், சுமார் ஒரு நொடிக்கு ஒன்று. ஒவ்வோர் ஓட்டத்திலும் குறைந்தது நூற்றுக்கு மூன்று காணாமல் போயின. அது பெரிய விஷயமில்லை. விஷயம் என்னவென்றால், காணாமல் போனவை கண்டபடி போகவில்லை. 90 நொடிக்கு ஒருமுறை, கும்பலாகப் போயின.

காரணம், வழியில் நியர்நெட் என்ற பிராந்திய நெட்வொர்க்கில் இருந்த ரவுட்டர்கள். எந்த ஊருக்கு எந்த வழி என்ற தகவலை அவை 90 நொடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். அதுவும் ஒருவகையில் "நான் இருக்கேன், என் வழி திறந்திருக்கு" என்று சொல்வதுதான். ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனிக் கடிகாரம். எனவே இந்தச் செய்திகள் 90 நொடிக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறித்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆனால் அவை எப்படியோ கூடிக்கொண்டு, எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்திருந்தன. அந்தச் செய்திகளைப் படித்து முடிக்கும் வரை ரவுட்டர்கள் மற்ற பாக்கெட்டுகளைக் கீழே போட்டன.

யாரும் சொல்லாமல் எப்படிக் கூடின? நம் ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று டிப்போவிலிருந்து கிளம்புகிறது. ஒன்று கொஞ்சம் தாமதமானால், அடுத்த ஸ்டாப்பில் ஆள் அதிகம் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்க இன்னும் தாமதம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆளே இருக்காது. அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் காத்திருந்தவனுக்கு மூன்று பஸ் சேர்ந்தாற்போல் வரும். ரவுட்டரும் அப்படித்தான். தன் செய்தியை அனுப்பும் நேரத்தில் இன்னொருவர் செய்தி வந்தால், அதையும் படித்து முடித்த பிறகுதான் தன் கடிகாரத்தைத் திரும்ப ஓட விடும். அந்தச் சின்னத் தாமதத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு சேர்ந்த கும்பல் மூன்றாவதைப் பிடிக்கும்.

1993-இல் அவர்கள் எழுதிய ஆய்வுக்கட்டுரை சொல்லும் பயங்கரமான விஷயம், இந்த மாற்றம் படிப்படியாக வருவதில்லை என்பது. எல்லாம் சிதறி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் கூடுதலாக ஒரே ஒரு ரவுட்டரைச் சேர்த்தால் போதும், மொத்தமும் கூடிக்கொண்டுவிடலாம்.

அவர்கள் சொன்ன மருந்து எளிது. சரியாக 90 நொடி என்று வைக்காதே. ஒவ்வொரு முறையும் பகடை உருட்டு. 45-க்கும் 135-க்கும் நடுவில் ஏதோ ஒரு நொடி. சராசரி அதேதான், ஆனால் கூட்டம் சேராது. கொஞ்சம் போதாது, தாராளமாகவே குலைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பொறியியல் கல்லூரியில் துல்லியம்தான் தர்மம் என்று படித்தவனுக்கு இது ஜீரணிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மூஸின் அலாரம் தெரியாமலே நழுவியது. இவர்கள் தெரிந்தே நழுவச் சொன்னார்கள். இன்று ஒழுங்காக எழுதப்பட்ட எந்த நெட்வொர்க் நிரலிலும் இந்த வேண்டுமென்றே செய்த ஒழுங்கின்மை இருக்கும். ஜிட்டர் என்பார்கள். சாலி ஃப்ளாய்ட் 2019-இல் காலமானார்.

*

பாடம் எழுதப்பட்டுவிட்டது என்பதற்காக எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. 2012 ஜனவரி 25 காலை டோக்கியோவில் டோகோமோ நிறுவனத்தின் மொபைல் சேவை பல மணி நேரம் தடுமாறியது. சுமார் 25 லட்சம் பேருக்குப் பாதிப்பு. யாரும் படம் பார்த்து நெட்வொர்க்கை நிரப்பவில்லை. ஸ்மார்ட்போன்கள் அனுப்பும் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகள், புதிதாக வைத்த கருவிகள் எதிர்பார்த்ததைத் தாண்டிவிட்டன. டோகோமோ சொன்ன விளக்கப்படி, ஆண்ட்ராய்டு போன் சும்மா பையில் கிடந்தாலே 28 நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பைச் சொல்கிறது. அரட்டைச் செயலிகளும் இணைய அழைப்புச் செயலிகளும் சில நிமிடத்துக்கு ஒருமுறை. இணைப்பை நடுவில் இருப்பவன் மறந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு செயலியும் தனித்தனியே கவலைப்பட்டது. ஒவ்வொன்றும் தன்வரையில் சரிதான், என் 30-ஐ 1 ஆக்கியது சரி என்று தோன்றிய மாதிரி.

உங்கள் லேப்டாப்பும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. விண்டோஸ், மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரியில் இருக்கும் சின்னஞ்சிறு எழுத்துக் கோப்பை எடுத்துப் பார்த்து, இணையம் இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் நெட்வொர்க்மேனேஜரில் இந்தப் பரிசோதனைக்கான இடைவெளி, நாம் மாற்றாதவரை 300 நொடி. மாற்றிக்கொள்ளலாம், பூஜ்யம் போட்டு நிறுத்தியும் விடலாம். நிறுத்துகிறவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தூரத்து சர்வரிடம் "நீ இருக்கியா?" என்று கேட்கும்போது, "நான் இங்கே, இந்த முகவரியில், விழித்திருக்கிறேன்" என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கேட்கிறவன் தன்னைச் சொல்லாமல் கேட்க முடியாது. அம்மாவின் கடிதங்கள் எல்லாம் "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் தொடங்கும். அதிலும் முதல் சொல் தன்னைப் பற்றியது.

*

நார்வே கூட்டத்தில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போன டேவிட் மில்ஸிடம்தான் எனக்கு உருப்படியான பதில் கிடைத்தது. உலகத்துக் கணினிகள் எல்லாம் ஒரே மணி காட்டுவதற்கான என்.டி.பி. என்ற நெறிமுறை அவருடையது. கணினி, ஒரு நேர சர்வரிடம் அவ்வப்போது மணி கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். எவ்வளவுக்கு ஒருமுறை? மில்ஸ் ஒற்றை எண் வைக்கவில்லை. வழக்கமான அமைப்பில், முதலில் 64 நொடிக்கு ஒருமுறை கேட்கும். பதில்கள் நிலையாக வர வர, தன் கடிகாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பிடிபடப் பிடிபட, இடைவெளியை இரட்டிப்பாக்கும். 128, 256, 512, கடைசியில் 1024 நொடி. அதாவது 17 நிமிடம். ஏதாவது தடுமாறினால் திரும்பக் கீழே இறங்கி அடிக்கடி கேட்கும்.

நம்பிக்கை வளர வளரக் கேள்வி குறைகிறது. சந்தேகம் வந்தால்தான் கூடுகிறது. நானோ சந்தேகத்தை நிரந்தர அமைப்பாகவே எழுதி வைத்திருந்தேன். குழந்தைப் பருவத்திலிருந்தே கண் நீர் அழுத்த நோயால் பார்வைக் குறைபாட்டுடன் வாழ்ந்த மில்ஸ், 2024 ஜனவரியில் 85-ஆவது வயதில் காலமானார்.

எங்கள் சேவையில் இப்போது பத்து நொடி. அதோடு பகடை உருட்டும் உண்டு. "இருக்கேன்" சொல்ல யாரும் டேட்டாபேஸைத் தொடுவதில்லை. இன்னொரு விதியும் சேர்த்தோம்: பாதிக்கு மேல் சர்வர்கள் ஒரே சமயத்தில் செத்தது போலத் தெரிந்தால், அதை நம்பாதே. கோளாறு பெரும்பாலும் கேட்கிறவன் பக்கம்தான்.

இதை எழுதி முடித்து இரண்டு மாதம் இருக்கும். அப்பா இப்போது ஊரில் தனியாக இருக்கிறார். தினமும் காலை ஐந்தரைக்கு வாட்ஸப்பில் ரோஜாப்பூவோ முருகரோ போட்டு ஒரு காலை வணக்கம் வரும். நான் அவரது செய்திகளை ம்யூட்டில் போட்டு வைத்திருந்தேன். பதில் போட்டதே இல்லை. ஒருநாள் எட்டு மணிக்கு வேறு எதையோ தேடும்போது கவனித்தேன். அன்றைக்கு வணக்கம் வரவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். ஆறு தடவை, நிமிடத்துக்கு ஒன்றாக. ஒன்பது மணிக்கு அவரே கூப்பிட்டார், குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. "ஆறு தடவ அடிச்சிருக்க, என்னடா ஆச்சு ஒனக்கு?" ராத்திரி கரண்ட் இல்லை, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். என் கேள்விதான் அவரைப் பயமுறுத்தியிருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு முருகர் வந்தார். முதன்முறையாக, "காலை வணக்கம்ப்பா" என்று பதில் போட்டேன்.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"ஏன்டா, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"